அழுத்தம் எங்கே தொலைகிறது? பழைய டீசல் கார்களில் எரிபொருள் அழுத்தக் குறைவைக் கண்டறியும் முறைகள்

பத்துப் பதினைந்து வயதான டீசல் கார் மேம்பாலம் ஏறும்போது இழுவையை இழக்கிறது. மீட்டர் போர்டில் இன்ஜின் விளக்கு எரிகிறது. பட்டறையில் ஸ்கேனரைச் செருகினால் பி0087 என்ற குறியீடு வருகிறது: ரெயில் அழுத்தம் தேவைக்குக் கீழே இருக்கிறது. அதைப் படித்த கையோடு எடுக்கப்படும் முடிவுதான் பல கார்களின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. "ஹை பிரஷர் பம்ப் போயிருச்சு" என்பார் ஒருவர். "நாலு இன்ஜெக்டரையும் மாத்திட்டா பிரச்சினையே இருக்காது" என்பார் இன்னொருவர். இரண்டில் எதைச் செய்தாலும், காரை விற்றால் கிடைக்கும் தொகையில் பெரும் பங்கு அதிலேயே போய்விடும். அவ்வளவும் செலவழித்த பிறகு அதே மேம்பாலத்தில் அதே விளக்கு மறுபடி எரிவது டீசல் பட்டறைகளில் புதிய செய்தியும் இல்லை.

இன்ஜின் கணினி கேட்ட அழுத்தம் ரெயிலில் கிடைக்கவில்லை என்பதற்கு மேல் பி0087 எதையும் சொல்வதில்லை. ஏன் கிடைக்கவில்லை, எந்தப் பாகத்தால் கிடைக்கவில்லை என்பது அந்தக் குறியீட்டுக்குத் தெரியாது. டேங்கின் அடியில் தங்கிய சேறு முதல் சென்சார் கனெக்டரில் ஏறிய பச்சைக் களிம்பு வரை பத்துக்கும் மேற்பட்ட காரணங்கள் இதே நான்கு எண்களாக வந்து நிற்கும். அவற்றைப் பிரித்தறியப் பட்டறைகளில் பல வழிகள் புழங்குகின்றன. பம்ப் கடையின் டெஸ்ட் பெஞ்ச், ஸ்கேனர் வரைபடம், பாட்டில் சோதனை, நல்ல வண்டியின் பாகத்தைக் கழற்றி மாட்டிப் பார்ப்பது என்று ஒவ்வொரு வழிக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். எந்த வழி எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. என் நிலைப்பாட்டை இப்போதே சொல்லிவிடுகிறேன்: டேங்கிலிருந்து பம்பின் வாய் வரையுள்ள மலிவான பாதியை அளந்து முடிக்காமல் பம்பிலும் இன்ஜெக்டரிலும் கை வைப்பது கார் உரிமையாளருக்குச் செய்யும் அநியாயம்.

இந்தக் கேள்விக்கு இப்போது அவசரமும் கூடியிருக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது மாருதி நிறுவனம் டீசல் கார் தயாரிப்பைக் கைவிட்டது. ஃபியட் வடிவமைத்த 1248 சிசி டீசல் இன்ஜின் ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா, இண்டிகா விஸ்டா, புன்டோ, லினியா என்று பல நிறுவனக் கார்களில் ஓடியது. அதன் இந்தியப் பயணமும் அந்த மாற்றத்தோடு முடிந்தது. ஆனால் சாலையில் அந்தக் கார்கள் ஏராளமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. சின்ன டீசல் காரை வைத்திருப்பவர் அதைக் கழித்துவிட்டுப் புதிய சின்ன டீசல் கார் வாங்க நினைத்தால், வாங்குவதற்குச் சந்தையில் அப்படியொன்று ஏறக்குறைய இல்லை. இருப்பதைச் சரியாகப் பழுது பார்த்து ஓட்டுவதுதான் அவருக்கு வழி.

இரண்டு அழுத்தங்கள்

டீசலைப் பம்பால் அழுத்தி நாசல் வழியே பீச்சும் ஏற்பாட்டை பாஷ் நிறுவனம் 1927இல் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. 1951இல் தொடங்கிய மைக்கோ நிறுவனம் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அது 2008இல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறிய பிறகும் மூத்த டிரைவர்கள் வாயில் 'மைக்கோ பம்ப்'தான். அந்தக் காலத்துப் பம்புகள் ஒவ்வொரு பீச்சலுக்கும் தனித்தனியாக அழுத்தத்தை உண்டாக்கின. ப்ரீ சேம்பர் வைத்த கார் இன்ஜின்களில் நாசல் 120 முதல் 150 பார் அளவில் திறந்துகொள்ளும். கோளாறு வந்தால் புகை, சத்தம், இழுவை ஆகியவற்றைக் கொண்டே நல்ல மெக்கானிக் ஊகித்துவிடுவார்.

காமன் ரெயில் இதை மாற்றியது. இத்தாலியின் பாரி நகரில் ஃபியட் குழுமம் உருவாக்கிய இந்த நுட்பம் 1994இல் பாஷ் கைக்குப் போனது. 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் விற்பனைக்கு வந்தது. இதில் அழுத்தத்தைப் பம்ப் தொடர்ந்து உண்டாக்கி, ரெயில் எனப்படும் தடித்த எஃகுக் குழாயில் சேமித்து வைக்கிறது. இன்ஜெக்டர்கள் கணினியின் ஆணைப்படி அதிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. முதல் தலைமுறையில் உச்ச அழுத்தம் 1350 பார். பின்னர் வந்தவற்றில் 1600 பார். இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது ரெயிலில் ஏறத்தாழ 250 முதல் 300 பார் இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது 150, 200 பார் என்ற எல்லையைத் தாண்டினால்தான் கணினி இன்ஜெக்டர்களைத் திறக்கவே அனுமதிக்கும். எண்கள் மாடலுக்கு மாடல் மாறும்.

டேங்கிலிருந்து ஃபில்டர் வழியாகப் பம்பின் வாய் வரை வரும் டீசலின் அழுத்தம் சில பார் மட்டுமே. சில கார்களில் அது வளிமண்டல அழுத்தத்துக்கும் கீழே இருக்கும். ஆக, ஒரே காரில் ஒன்றுக்கொன்று முந்நூறு மடங்கு வேறுபட்ட இரண்டு அழுத்தங்கள் இருக்கின்றன. "அழுத்தம் குறைவு" என்று யாராவது சொன்னால் எந்தப் பக்கம் என்று முதலில் கேட்க வேண்டும். ரெயில் சென்சார் பார்ப்பது உயர் அழுத்தப் பக்கத்தை மட்டும். பெரும்பாலான பழைய கார்களில் குறைந்த அழுத்தப் பக்கத்தைக் கவனிக்க ஒரு சென்சாரும் இல்லை. அங்கே ஏற்படும் குறை, உயர் அழுத்தப் பக்கத்தின் குறையாகவே கணினிக்குத் தெரியும். விலை உயர்ந்த பாகங்கள் வீணாக மாற்றப்படுவதற்கு மூல காரணம் இந்தக் குருட்டுப் புள்ளிதான்.

ரெயிலை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியாக எண்ணிக்கொள்ளலாம். மட்டம் இறங்கினால் மோட்டார் போதிய தண்ணீர் ஏற்றவில்லை, அல்லது ஏதோ குழாய் ஒழுகுகிறது, அல்லது மட்டம் காட்டும் கருவி பொய் சொல்கிறது. பி0087இன் எல்லாக் காரணங்களும் இந்த மூன்றுக்குள் அடங்கும். வரத்துக் குறைவு, கசிவு மிகுதி, அளவுப் பிழை. இவற்றுள் எது என்று பிரிப்பதற்கு முன் ஸ்பானரை எடுக்கத் தேவையில்லை.

எப்போது நடக்கிறது என்ற கேள்வி

கோளாறு எந்த நேரத்தில் தலைகாட்டுகிறது என்று ஓட்டுபவரிடம் பொறுமையாகக் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இரவெல்லாம் நின்ற கார் காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்த பிறகே ஸ்டார்ட் ஆகிறது, அதன்பின் நாள் முழுக்கப் பிரச்சினை இல்லை என்றால், டீசல் இரவில் டேங்குக்குத் திரும்பி ஓடியிருக்கிறது. எங்கோ ஒரு நுண்ணிய இடைவெளி வழியே காற்று உள்ளே போயிருக்கிறது. டேங்க் நிறைந்திருக்கும் நாளில் சீக்கிரம் ஸ்டார்ட் ஆகி, கால் டேங்குக்குக் கீழே போனால் மட்டும் தகராறு செய்கிறது என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

குளிர்ந்த நிலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும் கார், நூறு கிலோமீட்டர் ஓடி டீக்கடையில் பத்து நிமிடம் நின்ற பிறகு ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. இது வேறு ஜாதி. சூடேறிய டீசல் நீர்த்துப் போகிறது. தேய்ந்த இன்ஜெக்டரின் வால்வு இருக்கை வழியாகவோ பம்பின் உள் இடைவெளிகள் வழியாகவோ அது எளிதாக நழுவிவிடும். ஓடும் இன்ஜினில் பம்ப் வேகமாகச் சுழல்வதால் அந்தக் கசிவை ஈடுகட்டிவிடும். செல்ஃப் அடிக்கும்போது நிமிடத்துக்கு இருநூற்றுச் சொச்சம் சுற்று மட்டுமே கிடைப்பதால் வந்ததெல்லாம் கசிந்து போகிறது. சூட்டில் மட்டும் தகராறு என்றால் உயர் அழுத்தப் பக்கத்துக் கசிவை முதலில் நினைக்கலாம். ஆனால் பேட்டரி தளர்ந்து செல்ஃப் மெதுவாகச் சுற்றினாலும் இதே அறிகுறி வரும். செல்ஃப் அடிக்கும் வேகத்தை ஸ்கேனரில் பார்க்காமல் இன்ஜெக்டரைக் குற்றம் சொல்லக் கூடாது.

மூன்றாவது வகைதான் அதிகம் காணப்படுவது, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான். ஸ்டார்ட்டிங்கில் குறையில்லை, ஊருக்குள் குறையில்லை, நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது மட்டும், கணினி இன்ஜின் திறனைக் குறைத்துவிடும் லிம்ப் மோடுக்குப் போகிறது. 75 குதிரைத்திறன் உள்ள 1.3 லிட்டர் இன்ஜின் ஐடிலில் மணிக்கு அரை லிட்டர் அளவுக்கு டீசல் குடிக்கும். முழுத் திறனில் அதே இன்ஜினுக்கு மணிக்குத் தோராயமாக 15 லிட்டர் வேண்டும். முப்பது மடங்கு. பாதி அடைத்த ஃபில்டர் ஐடிலுக்குத் தாராளமாகக் கொடுக்கும். ஐடிலில் ரெயில் அழுத்தம் சரியாக இருப்பதை மட்டும் பார்த்து "ஃபில்டர் பக்கம் குறையில்லை" என்று சொல்பவர், நெடுஞ்சாலையில் இன்ஜின் கேட்கும் அளவைப் பார்க்கவே இல்லை.

இன்னொரு தடயமும் கவனத்துக்குரியது. கார் இருபது முப்பது நிமிடம் நன்றாக ஓடி, பிறகு மெல்ல இழுவை இழந்து நிற்கிறது. சற்று நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடுகிறது. டேங்கின் காற்றுத் துளை அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் உருவாகி இப்படி நடக்கும். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் ஓசை கேட்டால் அதுதான். அல்லது டேங்குக்குள் மிதக்கும் துணித்துண்டோ பிளாஸ்டிக் சீலோ உறிஞ்சு குழாயின் வாயில் ஒட்டிக்கொள்கிறது. இன்ஜின் நின்றதும் அது கீழே விழுந்துவிடுகிறது. இதற்காக பம்பை மாற்றினால் புது பம்பும் அதே இடத்தில்தான் நிற்கும்.

குறியீட்டை அழிக்கும் முன்

குறியீட்டைப் பதியும்போது பல கார்களில் கணினி அந்தக் கணத்தின் நிலவரத்தையும் உறையவைத்து வைத்திருக்கும். இன்ஜின் வேகம், சுமை, தண்ணீர் வெப்பம், காரின் வேகம் எல்லாம் அதில் இருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஸ்கேனரில் தெரிவது அதுதான். கோளாறு நடந்தபோது அங்கே இருந்த ஒரே சாட்சி அது. ஸ்கேனரைச் செருகியதும் "அழிச்சுப் பார்ப்போம், திரும்ப வருதான்னு பார்ப்போம்" என்று குறியீட்டை அழிப்பவர்கள் அந்தச் சாட்சியையும் சேர்த்தே அழித்துவிடுகிறார்கள். இந்தப் பழக்கம் பட்டறைகளிலிருந்து ஒழிய வேண்டும்.

அடுத்து, சென்சார் உண்மை பேசுகிறதா என்று பார்ப்பது. இதற்குக் காசு செலவே இல்லை. இரவு முழுக்க நின்ற காரில் சாவியைப் போட்டு, இன்ஜினைக் கிளப்பாமல் ரெயில் அழுத்தத்தைப் பார்த்தால் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். பெரும்பாலான சென்சார்களில் அது அரை வோல்ட்டுக்குச் சமம். நின்ற இன்ஜினில் ஐம்பது, நூறு பார் காட்டினால் சென்சாரோ அதன் எர்த் ஒயரோ பொய் சொல்கிறது. பொய் சொல்லும் திசைக்கேற்ப விளைவும் மாறும். உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும் சென்சாரை நம்பிக் கணினி அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். இன்ஜின் கடகடக்கும், இழுவை நன்றாக இருக்கும், ஆனாலும் பி0087 வரக்கூடும். உள்ளதைவிட அதிகமாகக் காட்டினால் கணினி அழுத்தத்தைக் குறைத்துவிடும். கார் இழுக்காது, குறியீடும் வராது. ஸ்கேனரில் ஒன்றுமில்லை, ஆனால் வண்டி செத்த வண்டி என்று மெக்கானிக்குகள் அலுத்துக்கொள்ளும் கார்களில் சிலவற்றுக்கு இதுதான் விளக்கம்.

சென்சார் நம்பகமானது என்று தெரிந்த பிறகு, கணினி கேட்கும் அழுத்தத்தையும் கிடைக்கும் அழுத்தத்தையும், பம்புக்குள் போகும் டீசலை அளந்துவிடும் அளவு வால்வுக்குப் போகும் ஆணையையும் ஒரே வரைபடத்தில் வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். என் கணிப்பில் இத்தனை முறைகளிலும் மிகுந்த பயன் தருவது இதுதான். கிடைக்கும் அழுத்தம் சரியச் சரிய வால்வைக் கணினி மேலும் மேலும் திறந்து, முழுக்கத் திறந்த பிறகும் அழுத்தம் ஏறவில்லை என்றால் வரத்து இல்லை அல்லது கசிவு பெரிது. வால்வு பாதியில் நிற்க, அழுத்தம் அலை அலையாக ஏறி இறங்கினால் வால்வே சிக்கிக்கொண்டு இயங்குகிறது. அழுத்தம் கணப்பொழுதில் செங்குத்தாக விழுந்து உடனே மீண்டால் ஒயரிங்கைப் பார்க்க வேண்டும், திரவத்தின் அழுத்தம் அவ்வளவு வேகமாக மாறாது. செல்ஃப் அடிக்கும்போது அழுத்தம் தேவையான எல்லையைத் தாண்டியும் இன்ஜின் கிளம்பவில்லை என்றால் அழுத்தத்தின்மேல் பழி போடுவதை நிறுத்திவிட்டு கிராங்க், கேம் சென்சார்களுக்குப் போகலாம்.

மலிவான பாதி

குறைந்த அழுத்தப் பக்கத்தில் இரண்டு வகை கார்கள் உண்டு. ஒன்றில் டேங்குக்குள் மின்சார மோட்டார் இருந்து டீசலைத் தள்ளுகிறது. சாவி போட்டதும் பின்சீட்டுக்கு அடியில் ஒன்றிரண்டு நொடி ரீங்காரம் கேட்கும். மற்றொன்றில் டேங்கில் மோட்டார் கிடையாது. ஹை பிரஷர் பம்புக்குள்ளேயே இருக்கும் சிறு பம்ப் டீசலை உறிஞ்சிக்கொள்கிறது. 2005இல் வந்த டொயோட்டா இன்னோவாவின் 2.5 லிட்டர் இன்ஜின் இந்த வகை. ஃபில்டர் தலையில் கையால் அழுத்தும் பிரைமர் இருப்பது இதன் அடையாளம்.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் சோதனையில் இறங்கினால் திசை தவறிவிடும். தள்ளும் வகையில் குழாயில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகும், கண்ணுக்குத் தெரியும், வாடை வரும். உறிஞ்சும் வகையில் அதே ஓட்டை வழியே காற்று உள்ளே போகும். வெளியே ஒரு சொட்டு ஈரமும் இருக்காது. வயதான ரப்பர் ஹோஸ், இறுகிப்போன ஓ-ரிங், ஃபில்டர் மாற்றும்போது மடங்கிய ரப்பர் வளையம், முடுக்காமல் விட்ட வடிகால் திருகு ஆகிய நான்கும் வழக்கமான குற்றவாளிகள். மேலும், உறிஞ்சும் வகையில் டீசலைத் தள்ளி வருவது வளிமண்டலத்தின் ஒரு பார் மட்டுமே. அதில் சிறு பகுதியை ஃபில்டர் தின்றுவிட்டாலும் மீதி போதாது.

சோதனைகள் எளிமையானவை. தள்ளும் வகையில் பம்புக்கு முன்னால் டீ-இணைப்பு வைத்து ஒரு கேஜ் மாட்டினால் போதும். நிறுவனக் கையேட்டில் உள்ள அளவு ஐடிலிலும், அதைவிட முக்கியமாக ஏற்றத்தில் முழு ஆக்சிலரேட்டரிலும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். உறிஞ்சும் வகைக்கு வெற்றிடக் கேஜ். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அளந்தால் அடைப்பு ஃபில்டரிலா, அதற்கு முன்னாலா என்பது தெரிந்துவிடும். பம்பின் வாயில் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபைச் சொருகினால் குமிழ்கள் ஓடுவது நேரடியாகத் தெரியும். ஃபில்டர் மாற்றியவுடன் சில குமிழ்கள் வருவது இயல்பு. பத்து நிமிடம் ஓடிய பிறகும் தொடர்ந்தால் இயல்பு இல்லை.

எல்லாவற்றையும்விடத் தீர்மானமான சோதனை ஒன்று உண்டு. சுத்தமான டீசல் நிரம்பிய கேனை உயரமாக வைத்து, டேங்கையும் பழைய குழாய்களையும் முழுக்கத் தவிர்த்து, புது ஃபில்டர் வழியாகப் பம்புக்கு டீசல் கொடுப்பது. மிஞ்சித் திரும்பி வரும் டீசலை, அதாவது ரிட்டர்னையும், அதே கேனுக்குத் திருப்பிவிட வேண்டும். கோளாறு மறைந்தால் ஹை பிரஷர் பம்பும் இன்ஜெக்டரும் நிரபராதிகள். மறையாவிட்டால் மலிவான பாதி நிரபராதி. சில நூறு ரூபாய் ஹோஸும் அரை மணி நேரமும் செலவாகும் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் எஸ்டிமேட் போடும் பட்டறையை விட்டு வெளியே வந்துவிடுவது நல்லது.

ஃபில்டரைக் கழற்றினால் தூக்கி எறியக் கூடாது. அதிலுள்ள டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அடியில் தனியாகப் பிரிந்து நிற்பது தண்ணீர். கறுப்புக் கொழகொழப்பு இருந்தால் டீசலும் தண்ணீரும் சந்திக்கும் பரப்பில் வளரும் நுண்ணுயிர்கள். உள் காகிதத்தை அறுத்து விரித்தால் மின்னும் துகள் இருக்கிறதா என்றும் தெரியும்.

விலை உயர்ந்த பாதி

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய பம்பில் எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிய, ஓடும் இன்ஜினில் நாசல் பைப் நட்டைத் தளர்த்துவார்கள். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. 1600 பார் என்பது கார் டயரில் நாம் நிரப்பும் காற்றழுத்தத்தைப்போல எழுநூறு மடங்கு. மயிரிழை அளவு கசிவிலிருந்து வரும் டீசல் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் குறைவு. சில மணி நேரத்தில் உள்ளே திசு அழுகத் தொடங்கிவிடும். அப்படி நேர்ந்தால் களிம்பு தடவி வீட்டில் இருக்கக் கூடாது, உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். இன்ஜினை அணைத்த பிறகும், ரெயில் அழுத்தம் இறங்கிவிட்டதை ஸ்கேனரில் பார்த்த பின்பே பைப்பில் கை வைக்கலாம்.

உயர் அழுத்தப் பக்கத்தில் முதல் சோதனை இன்ஜெக்டர் ரிட்டர்ன். நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி, சலைன் டியூப் மாட்டி, ஒரே அளவுள்ள நான்கு பாட்டில்களில் விட்டு, சூடான இன்ஜினை இரண்டு மூன்று நிமிடம் ஓட்டினால் எது அதிகம் கசிகிறது என்று தெரிந்துவிடும். மூன்றில் கால் பாட்டிலும் ஒன்றில் நிறைய பாட்டிலும் இருந்தால் மேலே பேச வேண்டியதில்லை. ஆனால் நம் பட்டறைகள் இந்தச் சோதனைமேல் வைத்திருக்கும் நம்பிக்கை அளவுக்கு மீறியது. இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரில் நான்கும் ஒரே அளவுக்குத் தேய்ந்திருக்கலாம். பாட்டில்கள் சமமாக இருக்கும், நான்குமே கெட்டிருக்கும். நிறுவனம் தந்த அளவோடு ஒப்பிடாமல் ஒன்றோடொன்றை ஒப்பிடுவதால் வரும் பிழை இது. நாசல் முனையிலிருந்து சிலிண்டருக்குள் சொட்டும் கசிவும் பாட்டிலில் வராது. அது புகையாகவும், கடகடப்பாகவும், இன்ஜின் ஆயில் மட்டம் ஏறுவதாகவும்தான் தெரியும். பீசோ வகை இன்ஜெக்டர்களில் பலவற்றுக்கு ரிட்டர்ன் குழாயிலும் அழுத்தம் இருந்தாக வேண்டும். அவற்றைத் திறந்த பாட்டிலில் விட்டுச் சோதிப்பதே தவறு.

ரெயிலின் முனையில் உள்ள வால்வும் கசியலாம். டென்சோ வகையில் அங்கே இருப்பது அவசரத்துக்கு மட்டும் திறக்கும் லிமிட்டர். அதன் ரிட்டர்ன் குழாய் சாதாரண ஓட்டத்தில் உலர்ந்திருக்க வேண்டும், டீசல் வந்தால் லிமிட்டர் போய்விட்டது. பாஷ் வகையில் ரெயிலில் அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு உள்ள மாடல்களில் ஓரளவு ரிட்டர்ன் இயல்பானது. இந்த வேறுபாடு தெரியாமல் நல்ல வால்வைக் குறை சொல்பவர்கள் உண்டு.

பம்பின் வாயில் உள்ள அளவு வால்வு தனிக் கவனத்துக்குரியது. இன்னோவா மெக்கானிக்குகள் எஸ்.சி.வி. என்று சொல்வது இதைத்தான். ஐடிலில் இன்ஜின் வேகம் ஊசலாடுவது, ஆக்சிலரேட்டரை விட்டதும் ஆஃப் ஆவது ஆகியவை இதன் அடையாளங்கள். முழுப் பம்பின் விலையோடு ஒப்பிட்டால் இது சிறு செலவு. மாற்றிய பிறகு கணினிக்குப் புதிய வால்வைக் கற்றுக்கொடுக்கும் வேலையை ஸ்கேனரில் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் "புது வால்வும் சரியில்லை" என்ற தவறான முடிவுக்குப் போக நேரும். கனெக்டரைப் பிடுங்கிப் பார்த்து வால்வைத் தீர்மானிப்பதும் ஆபத்து. மின்சாரம் இல்லாதபோது சில வால்வுகள் திறந்திருக்கும், சில மூடியிருக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் பம்ப். ரெயிலிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் வாய்களை அதற்கென்று உள்ள மூடிகளால் அடைத்துவிட்டு, சில நொடி மட்டும் செல்ஃப் அடித்தால் நல்ல பம்ப் அழுத்தத்தை விறுவிறுவென்று ஏற்றிவிடும். ஏறாவிட்டால் பம்போ, ரெயில் வால்வோ. ஒவ்வொரு வாயாகத் திறந்துகொண்டு வந்தால் கசியும் இன்ஜெக்டரும் பிடிபடும். அனுபவமும் சரியான மூடிகளும் உள்ளவர் மட்டும் செய்ய வேண்டிய சோதனை இது.

டெஸ்ட் பெஞ்ச் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாமக்கல், சங்ககிரி, கோவை போன்ற லாரித் தொழில் ஊன்றிய ஊர்களில் திறமையான பம்ப் கடைகள் இருக்கின்றன. இன்ஜெக்டரை பெஞ்சில் ஏற்றி முழுச் சுமை, ஐடில், முன்பீச்சல், ரிட்டர்ன் என்று ஒவ்வொரு நிலையிலும் அளந்து சீட்டுக் கொடுப்பார்கள். இன்ஜெக்டரைப் பற்றி அதைவிட உறுதியான சான்று கிடையாது. ஆனால் பெஞ்சுக்கு வருவது கழற்றிய பாகம் மட்டும். காரின் டேங்கில் சேறு இருப்பதையோ ஹோஸ் வழியே காற்று நுழைவதையோ பெஞ்ச் பார்க்காது. பதினைந்து வயது இன்ஜெக்டரை பெஞ்சில் வைத்தால் ஏதாவது ஒரு அளவு எல்லைக்கு வெளியேதான் இருக்கும். அந்தச் சிறு தேய்மானம்தான் மேம்பாலத்தில் காரை நிறுத்தியது என்பதற்கு அந்தச் சீட்டு ஆதாரமாகாது. கழற்றுவதற்கு முன் காரில் செய்யும் சோதனைகள் வழிகாட்ட, பெஞ்ச் அதை உறுதிசெய்தால்தான் இரண்டுக்கும் மதிப்பு.

பழைய சுழல் வகைப் பம்ப் வைத்த கார்களுக்கு, 1998இல் வந்த டாடா இண்டிகாவின் முதல் டீசல் இன்ஜின் போன்றவற்றுக்கு, இதில் பாதி பொருந்தாது. அங்கே பம்புக்குள் இருக்கும் சிறு வேன் பம்பின் அழுத்தம் பீச்சும் நேரத்தையும் தீர்மானிக்கிறது. அது குறைந்தால் டைமிங் பின்தங்கி வெள்ளைப் புகையும் மந்தமும் வரும். கேன் சோதனையும் டியூப் சோதனையும் இவற்றுக்கும் அப்படியே செல்லும். சூட்டில் ஸ்டார்ட் ஆகாத பம்பின்மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, ஸ்டார்ட் ஆனால் பம்பின் ஹெட் தேய்ந்துவிட்டது என்று முடிவு செய்வது மூத்தவர்களின் வழக்கம். அதன் தர்க்கம் சரியானது. மின்னணுப் பாகங்கள் சூழ்ந்த காமன் ரெயில் பம்பில் அதைச் செய்யக் கூடாது.

டீசலே காரணமா?

இந்தியாவில் டீசலின் கந்தக அளவு பி.எஸ். 3இல் பத்து லட்சத்தில் 350 பங்காக இருந்தது. பி.எஸ். 4இல் 50 ஆகி, பி.எஸ். 6இல் 10க்கு இறங்கியது. கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பில் டீசலின் இயற்கையான வழவழப்பும் குறைகிறது. ஹை பிரஷர் பம்புக்கு டீசலே மசகெண்ணெய் என்பதால் "புது டீசல் பழைய பம்பைத் தின்கிறது" என்ற கருத்து பரவியிருக்கிறது. டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்து ஓட்டுபவர்களும் உண்டு. எண்ணெய் நிறுவனங்கள் சும்மா இருந்துவிடவில்லை. வழவழப்புக்கான சேர்மானம் சேர்க்கப்பட்டு, தேய்மானச் சோதனையில் 460 மைக்ரானுக்கு மேல் தழும்பு விழக் கூடாது என்ற வரையறைக்குள்தான் டீசல் வருகிறது. ஆகவே பங்கில் கிடைக்கும் தரமான டீசலைச் சந்தேகிப்பதைவிட, தண்ணீர், மண்ணெண்ணெய் கலப்படம், மலிவான ஃபில்டர், டேங்க் வற்றும் வரை ஓட்டும் பழக்கம் ஆகிய நான்கைச் சந்தேகிப்பதே நியாயம். காற்றை விழுங்கிக்கொண்டு ஓடும் பம்ப் மசகு இல்லாமல் ஓடுகிறது. அது தன்னைத் தானே அரைத்துத் துகளாக்கிக்கொள்ளும்.

அந்தத் துகள்தான் இந்தத் துறையில் மிகவும் அஞ்ச வேண்டியது. ஃபில்டரிலோ அளவு வால்வின் சல்லடையிலோ உலோக மினுமினுப்பு தெரிந்தால், பம்பை மட்டும் மாற்றுவதில் பயனில்லை. துகள் ரெயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் ஏற்கெனவே போயிருக்கும், ரிட்டர்ன் வழியாக டேங்குக்கும் திரும்பியிருக்கும். டேங்கைக் கழற்றிக் கழுவி, குழாய்களை மாற்றி, ரெயிலைச் சுத்தம் செய்து, இன்ஜெக்டர்களை பெஞ்சில் பார்த்த பிறகே புது பம்பைப் பூட்ட வேண்டும். இந்த நிலையில் மட்டும் செலவைக் காரின் விலையோடு ஒப்பிட்டு, பழுது பார்ப்பதா விட்டுவிடுவதா என்று உரிமையாளரிடம் வெளிப்படையாகப் பேசுவது மெக்கானிக்கின் கடமை.

பழுது நீங்கியதா என்பதைக் குறியீடு அழிந்ததை வைத்து முடிவு செய்ய முடியாது. கோளாறு எந்த ஏற்றத்தில், எந்த கியரில், எந்த வெப்பத்தில் வந்தது என்று ஃப்ரீஸ் ஃப்ரேம் சொன்னதோ அதே நிலையில் காரை ஓட்டி, கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் ஒன்றையொன்று ஒட்டி ஏறுவதை வரைபடத்தில் பார்க்க வேண்டும். இன்ஜெக்டர் மாற்றியிருந்தால் அதன் மேல் பொறித்த குறியெண்ணைக் கணினியில் ஏற்றியாக வேண்டும். அன்றைய ஐடில் அழுத்தம், அளவு வால்வின் ஆணை, நான்கு பாட்டில்களின் ரிட்டர்ன் அளவு ஆகியவற்றை சர்வீஸ் புத்தகத்தில் தேதியோடும் கிலோமீட்டரோடும் எழுதிவைத்தால், அடுத்த முறை அந்தக் காரைத் திறக்கும் மெக்கானிக்குக்கு ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் காரின் சொந்த எண்களே கையில் இருக்கும்.